கணக்கில் சேராத பதினான்கு பிள்ளைகள்

வெள்ளிக்கிழமை காலை விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்தபோது, என் கணவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அறை வாசலிலேயே நின்றார். "ரெஜினா சிஸ்டர் போய்ட்டாங்களாம்" என்றார். டியூட்டி முடிந்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கேட்டதும் அழுகைதான் முதலில் வந்தது என்று சொன்னால் அது பொய். இனி அவரிடம் மன்னிப்புக் கேட்க முடியாதே என்ற பயம்தான் முதலில் வந்தது.

குவைத்தில், இந்த ஃபர்வானியாவில் பிள்ளைகளைப் படிக்கவைத்த நமக்கெல்லாம் அவரைத் தெரியும். குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், அரசு கிளினிக்கில் நர்ஸ். பள்ளியின் பெற்றோர் கமிட்டியில் என்னோடு இருந்தவர். பள்ளியைக் காட்டிக்கொடுத்தவர் என்று உங்களில் பலர் இன்றும் நினைப்பது அவரைத்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்றவள். பள்ளி அனுப்பும் சர்க்குலர்களை அகராதி வைத்துப் படித்துத்தான் எனக்கு இங்கிலீஷ் வந்தது. கமிட்டியின் முதல் கூட்டத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். ரெஜினா என் நோட்டை எட்டிப் பார்த்தார். பஸ் கட்டணம், புத்தகக் காசு எல்லாம் தேதிவாரியாக எழுதியிருந்தேன். "இவிய பேசண்டாம், எழுதட்டும். பேசத்தான் இங்க ஆளு நெறைய கெடக்கே" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அன்று முதல் கமிட்டிக் கணக்கு என் பொறுப்பு.

பள்ளி ஒரு பழைய வில்லாவில் நடந்தது. கே.ஜி.யில் இத்தனை பிள்ளைகள்தான் என்று கல்வி அமைச்சகம் அளவு வைத்திருந்தது. நிர்வாகம் அதற்கு மேல் பதினான்கு பேரைச் சேர்த்திருந்தது. அவர்களிடமும் கட்டணம் வாங்கினார்கள். ரிஜிஸ்டரில் பெயர் இல்லை. என் மகள் கவிதாவும் அவர்களில் ஒருத்தி. வேறு பள்ளிக்குக் கட்ட எங்களுக்கு வசதி இல்லை. இடம் போனால் பிள்ளையும் தாயும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஆகவே தெரிந்தவர்கள் பேசவில்லை.

ஆண்டுதோறும் அமைச்சகத்தின் ஆய்வை ஒட்டி, பிள்ளைகளின் எண்ணிக்கை சரி, கட்டணம் அவர்களுக்கே செலவாகிறது என்று கமிட்டி ஒரு படிவத்தில் உறுதி தர வேண்டும். அந்த ஆண்டின் படிவத்தில் முதல் கையெழுத்தை நான் போட்டேன். வீட்டுக் கணக்கில் நூறு ஃபில்ஸ் சில்லறை இடித்தால் சாப்பாடு இறங்காத நான், பெற்ற மகளைக் கணக்கில் சேர்க்காத தாளில் கையெழுத்துப் போட்டேன்.

ஆய்வு நாளன்று அந்தப் பதினான்கு பேரும் யூனிஃபார்ம் இல்லாமல் கலர் டிரஸ்ஸில் வர வேண்டும், பிக்னிக் என்று சொன்னார்கள். எலுமிச்சை சாதம் கட்டிக்கொடுத்தேன். போன இடத்தில் பார்க் திறக்கவில்லை. ஆய்வாளர்கள் கிளம்பும்வரை பள்ளிக்குத் திரும்பக் கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு. ஏசி நின்றுபோன பஸ் வெயிலில் சுற்றிக்கொண்டே இருந்தது. கவிதா மயங்கி விழுந்தாள். பயந்துபோன டிரைவர் பக்கத்திலிருந்த கிளினிக்கில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே டியூட்டியில் இருந்தவர் ரெஜினா.

நான் ஓடிப்போனபோது மகள் கையில் ட்ரிப்ஸோடு படுத்திருந்தாள். ரெஜினா அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "மக்களே, இன்னிக்கு ஸ்கூல் இல்லியா?" என்று கேட்டார்.

"மினிஸ்ட்ரி மேம் வர்றாங்கல்ல ஆன்ட்டி, நாங்க பஸ்ல ஒளிஞ்சுக்கணும்" என்றாள்.

நான் ரெஜினாவின் கையைப் பிடித்தேன். வெளியே தெரிந்தால் பள்ளியை மூடிவிடுவார்கள், எங்களை ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. "இவளுக்கு என்னமும் ஆகியிருந்தா யாருட்ட போயி கேட்டிருப்பிய? அப்பிடி ஒரு பிள்ளையே எங்ககிட்ட இல்லன்னு ரிஜிஸ்டர காட்டியிருப்பான்" என்றார்.

மறுநாள் படிவம் கையெழுத்துக்காக அவரிடம் போனது. அதை எடுத்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தார். "இதுல ஒங்க பேரு இருக்கு. இத நான் கொண்டுபோவ மாட்டேன். நான் தனியா எழுதிக்கிடுதேன்" என்றார். டீ கூடக் குடிக்கவில்லை. லீவு போட்டு, பதினான்கு பிள்ளைகளைப் பற்றியும் தன் கையால் எழுதிக் கல்வி அலுவலகத்தில் கொடுத்தார். என்னிடம் விட்டுப்போன படிவத்தை நான் அடுப்பில் எரித்தேன்.

பள்ளியை மூடவில்லை. கட்டண உயர்வை நிறுத்திவைத்து, கூடுதலாகச் சேர்த்தவர்களை ஆண்டு முடிவில் அனுப்பிவிடச் சொன்னார்கள். பெற்றோர் கூட்டத்தில் எல்லாரும் ரெஜினா மேல் பாய்ந்தார்கள். "உங்க பையன் பேரு ரிஜிஸ்டர்ல இருக்கு, நீங்க நியாயம் பேசுவீங்க" என்றார் ஒருவர். கமிட்டியில் வேறு யாருக்குத் தெரியும் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். "நான் கண்டத நான் சொன்னேன். மத்தவிய கத எனக்கு வேண்டாம்" என்றதோடு சரி. நான் மினிட்ஸ் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஓய்வு நாட்களிலெல்லாம் அவர் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கிப் பதிமூன்று பேருக்கு இடமும் சலுகையும் வாங்கினார். கவிதாவுக்கும். செல்வியின் மகனுக்கு மட்டும் முடியவில்லை. செல்வியின் கணவர் கம்பெனி டிரைவர். சலுகை போக மிச்சத்தையும் அவரால் கட்ட முடியாது. தாயும் பிள்ளையும் ஊருக்குக் கிளம்பினார்கள். வழியனுப்ப ரெஜினாவும் ஏர்போர்ட்டுக்கு வந்தார். "நீங்க நல்ல பேரு வாங்கிட்டீங்க சிஸ்டர், நான் டிக்கெட் வாங்கிட்டேன்" என்றாள் செல்வி.

திரும்பும்போது டாக்சியில் ரெஜினா என்னிடம், "அவ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல, கேட்டியளா" என்றார்.

அவர் செய்தது சரியா என்று பலநாள் மாரியம்மன் படத்தின் முன்னால் நின்று கேட்டிருக்கிறேன். செல்வியின் குடும்பம் இரண்டு நாட்டில் கிடப்பதை நினைத்தால் இன்றும் பதில் தெரியவில்லை. அந்த பஸ்ஸை நினைத்தால் தெரிகிறது.

நேற்று செல்விக்குப் போன் செய்தேன். சாவுச் செய்தியைச் சொன்னேன். படிவத்தில் முதல் கையெழுத்து என்னுடையது என்பதையும் சொன்னேன். "அவங்க இருக்கும்போது சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள்.

ரெஜினா என்னைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வேண்டியதை என் பொறுப்பிலேயே விட்டுவைத்தார். அவர் எனக்கென்று வைத்துவிட்டுப் போனது அது ஒன்றுதான். அந்தக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்க வேண்டியதை உங்கள் எல்லாரிடமும் இப்போது சொல்கிறேன். எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். அன்று அவரைக் கேட்டதையெல்லாம் இனி என்னிடம் கேளுங்கள்.