காற்று அசையாத காலையில் மலையிலிருந்து ஓடினேன்

ஓகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை, நோர்வேயில் நாங்கள் இருக்கும் ரொம்மனிலிருந்து காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். பாராகிளைடர் என்ற துணிச்சிறகில் பறக்கும் பயிற்சியில் சேர்ந்து, கோடை முழுக்கச் சிறு மேட்டில் ஓடி ஓடி முழங்காலைத் தேய்த்த எனக்கு, உயரத்திலிருந்து தனியே பறக்க முதல் நாள் அது. கார் ஓட்டியவர் என் கணவர் சிறி. நிபந்தனையோடுதான் வந்தார். "ஒருக்கா விழுந்தீரெண்டாலும் இதோட விட்டிடவேணும். நாப்பத்தேழு வயசிலை உமக்கு ஏன் இந்த விசர் வேலை?" ஓம் என்று சொல்லித் தொலைத்தேன்.

போன இடம் மியோசா ஏரிக்கு மேலே ஒரு பனிச்சறுக்கு மலை. தொண்ணூறு கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம். மலைச் சாலைக்குக் கட்டணம் எண்பது குரோனர். மேலே கடை கிடையாது. நல்லவேளை, றோல்ஸும் தேத்தண்ணியும் கொண்டு போயிருந்தோம்.

உச்சியில், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. "காத்தே இல்லை, பயமில்லை" என்று சிறிக்கு ஒரே சந்தோசம். உண்மை நேர்மாறு. காற்றில்லாத நாளில் சிறகுக்குக் காற்றைக் கொடுப்பது நம் ஓட்டம்தான். கால் தரையை விடும்வரை ஓட்டம் குறையக்கூடாது என்று பயிற்றுநர் இங்கர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

சிறகைப் பின்னால் விரித்து, கயிறுகளைச் சரிபார்த்து ஓடினேன். சிறகு அழகாகத் தலைக்கு மேல் எழும்பியது. அந்த நேரம் பார்த்துச் சிறி கத்தினார்: "கவனமப்பா! மெல்ல, மெல்ல!"

படி இறங்கினாலும் தேத்தண்ணி தூக்கினாலும் எங்கள் வீட்டில் இதே பல்லவிதான். பழகிப்போன கால் தானாகத் தளர்ந்துவிட்டது. சிறகு பொத்தென்று சரிய, நான் புல்லில் குப்புற விழுந்தேன். நாடியில் சிராய்ப்பு மட்டும்தான். ஆனால் கொடுத்த வாக்கை நினைத்ததும் அழுகை வந்துவிட்டது. ஒரு கோடை காலப் பாடு எல்லாம் வீண்!

ஏன் வேகத்தைக் குறைத்தாய் என்று பக்கத்தில் நின்ற இங்கர் கேட்டார். சொன்னேன். அவர் நேரே சிறியிடம் போய், மெல்ல ஓடினால்தான் இவள் விழுவாள் என்று நோர்வேஜிய மொழியில் விளங்கப்படுத்தினார். சிறியின் முகம் சுருங்கிப்போயிற்று. வந்து என் தலைக்கவசத்திலிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"இது நீர் விழுந்ததில்லை, நான் விழுத்தினது. கணக்கிலை சேராது. போம்."

இரண்டாம் முறை அவர் போட்ட சத்தத்துக்கு அந்தக் காட்டு எல்க் மான்களெல்லாம் ஓடியிருக்கும். "ஓடும்! நிக்காதையும்! ஓடும்!" ஓடினேன். அடுத்த அடி வைக்கத் தரையைக் காணவில்லை. அப்பாடா! நெஞ்சிலிருந்த பாரம் அப்படியே இறங்கிவிட்டது. ஆறு நிமிடம் ஏரியைப் பார்த்துக்கொண்டே மிதந்து, அடிவாரத்து வயலில் இரண்டு காலிலும் இறங்கினேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பயிற்றுநர் இல்லாமல் இந்த வேலைக்கே போகாதீர்கள். வானிலை மாறும், முதல்நாள் மாலையே பயிற்சிப் பள்ளிக்குப் போன் எடுத்துக் கேளுங்கள். கணுக்காலைப் பிடிக்கும் சப்பாத்து அவசியம். கால் தரையை விட்டதும் அவசரப்பட்டு, உடம்போடு கட்டியிருக்கும் இருக்கையில் சாயாதீர்கள். வீட்டு ஆட்களைக் கூட்டிப் போனால், என்ன கத்த வேண்டும் என்பதை முன்பே சொல்லிக்கொடுங்கள்.

வயலில் இருந்தபடியே சிறிக்குப் போன் எடுத்தேன். கத்திக் கத்தி அவர் குரல் கம்மியிருந்தது.

"கத்தேக்கை கண்ணை மூடிப்போட்டனப்பா. திறந்து பாத்தால் உம்மைக் காணேல்லை. பறந்தனீர்தானே?"