கூடைப்பந்து வளையத்தின் கீழ் நின்றவர்

2007 ஆகஸ்ட் 11, சனிக்கிழமை, காலை ஏழரை மணி. அயோவா மாநிலத்தில் எங்கள் ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் பான்கேக் விருந்து. அவ்வூருக்குப் புதிதாகக் குடிவந்திருந்த நான் ஆர்டிஸ் குவாலே என்ற பெண்மணியை முதன்முதலில் பார்த்தது அங்கேதான். தானியக் கிடங்கின் எடைமேடையில் லாரிகளை எடைபோட்டு அனுப்புவது அவருடைய வேலை. அதிபர் வேட்பாளர் ஒருவர் மேசை மேசையாகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தார். கொடுத்த கையை ஆர்டிஸ் விடவில்லை.

"என் பொண்ணு ஜானெல் தேசியக் காவல் படையில இருக்கா. மூணாவது தடவையா போருக்கு அனுப்பப் போறாங்க. நீங்க அதிபரானா, எதப் பாத்து வேலை முடிஞ்சுதுன்னு அவளத் திரும்பக் கூப்பிடுவீங்க?"

"ஜானெலுக்கு இந்த நாடே நன்றி சொல்லணும்மா."

"நான் நன்றி கேக்கலைங்க. கேள்விதான் கேட்டேன். பான்கேக் ஆறினாப் பரவால்ல, யோசிச்சுச் சொல்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார்.

நாட்டிலேயே முதலில் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலம் அயோவா என்பதால், எங்கள் ஊருக்கு வராத வேட்பாளர் இல்லை. ஆர்டிஸ் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டார். ஒருவர் உறுதியைப் பற்றிப் பேசினார்; இன்னொருவர் கண் கலங்கினார். மூன்றாமவரிடம் அச்சிட்ட திட்டமே இருந்தது. அவர் போர் நடக்கும் நாட்டின் மலைகளையும் இனக்குழுக்களையும் அமைச்சர்களையும் தாளைப் பார்க்காமல் அடுக்கினார். பன்றிப் பண்ணையும் சோள வயலும் வைத்திருக்கும் டுவேன் புரோஹாஸ்கா அவரிடம் மயங்கிப்போனார்.

"மந்திரி பேரெல்லாம் மூச்சு விடாம சொல்றான் பாரு ஆர்டிஸ்!"

"என் பொண்ணு பேரக்கூடத்தான் நாலு தடவ சொன்னான். திட்டத்த முழுசாப் படிச்சேன், டுவேன். போறதுக்கு வழி இருக்கு, வர்றதுக்கு ஒரு வரி இல்ல."

ஜனவரி மூன்றாம் தேதி மாலை, கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கப் பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் கட்சிக்காரர்கள் கூடினோம். எங்களிடம் ரகசிய வாக்கு கிடையாது. அக்கம்பக்கத்தார் பார்க்க, அவரவர் வேட்பாளரின் மூலையில் போய் நிற்க வேண்டும். போதிய ஆள் சேராத மூலை கலைந்துவிடும். 'எவருக்கும் இல்லை' என்பதற்கும் ஒரு மூலை உண்டு. ஆர்டிஸ் அங்கே, கூடைப்பந்து வளையத்தின் கீழ் நின்றார். அந்த மூலை நிலைத்தால் கட்சியின் மாவட்ட மாநாட்டுக்கு ஒரு பிரதிநிதியை அனுப்பலாம்; திரும்பும் நிபந்தனை எழுதப்படாமல் படை புறப்படக் கூடாது என்ற தீர்மானத்தை அவர் அங்கே கொண்டுபோகலாம். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவே.

எண்ணிப் பார்த்தார்கள். ஓர் ஆள் குறைந்தது.

அணி மாற அரைமணி நேரம் கொடுக்கப்பட்டது. வேட்பாளர்களின் ஆதரவாளர்கள் பிரௌனி கேக் தட்டுகளோடு ஆள் சேர்க்கச் சுற்றி வந்தார்கள். ஆர்டிஸுக்கு அருகில் நின்ற லோயிஸ், எதிர் மூலையிலிருந்த டுவேனைக் கண்ணால் காட்டினார்.

"அவனக் கூப்பிடேன்! போன தேர்தல்ல அவன் மூலை ஒரு ஆள் இல்லாமக் கலையப் பாத்துச்சு, நீதான போய்க் காப்பாத்தின? 'எப்ப வேணா கேளு'ன்னு ஊரே கேக்கக் கத்தினானே. இப்ப அங்க ஆள் வழியுது, அவன் வந்தா ஒண்ணும் கொறையாது."

"கூப்பிட மாட்டேன்."

"வீம்பு புடிக்கிற நேரமாடி இது? ஜானெலுக்காகக் கேளு!"

டுவேன் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு அவரையே பார்த்தபடி நின்றார். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பார். ஆர்டிஸ் கூடமே கேட்கும்படி சொன்னார்:

"அவனுக்கு என் கேள்வி சரின்னு பட்டா அவனா வரட்டும். 'நீ எனக்குக் கடன்பட்டவன், வந்து நில்லு'ன்னு ஒரு ஆள இழுக்க மாட்டேன். எதுக்கு, எதுவரைக்கும்னு சொல்லாம ஆள நிறுத்தறவங்களத்தானே கோடையிலேர்ந்து கேள்வி கேட்டுக்கிட்டிருக்கேன்!"

டுவேன் தலையைக் குனிந்துகொண்டார், நகரவில்லை. அரைமணி முடிந்தது. லோயிஸும் மற்றவர்களும் வேறு மூலைகளுக்குப் பிரிந்துபோனார்கள். ஆர்டிஸ் மட்டும் வளையத்தின் கீழேயே நின்றார்.

"ஆர்டிஸ், அங்க நின்னா உன்ன எதுலயும் சேக்க முடியாது," என்றார் கூட்டத் தலைவர்.

"சேக்காதீங்க. நான் எங்க நின்னேன்னு எல்லாரும் பாத்தாச்சுல்ல."

முடிவுகளை வாசித்து முடிக்கும்வரை அவர் உட்காரவில்லை.

ஜானெல் மார்ச்சில் புறப்பட்டுப் போனாள். அதன்பின் ஒவ்வொரு சோள அறுவடையிலும் டுவேன் லாரியை எடைமேடையில் நிறுத்தி, கண்ணாடியை இறக்குவார். "ஆர்டிஸ், அந்தக் கடன்..."

"வண்டிய எடு டுவேன், பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க."

வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ஆர்டிஸ் இதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை.