மணலில் பிறந்தவள்

குவாங் ட்ரி கடற்கரையில், அமெரிக்கக் குண்டுகளுக்குத் தப்ப ஊரே ஒளிந்து வாழ்ந்த எங்கள் ஊர்ச் சுரங்கத்தின் வாசலில் தோவான் அவித்த மரவள்ளிக்கிழங்கும் எள்ளுப்பொடியும் விற்கிறாள். பக்கத்துக் கடையில் கருவாடு விற்கும் நியான் அவளுடைய சித்தி மகள். இருவரும் போர்க்காலத்தில், ஒரே மழைக்காலத்தில் பிறந்தவர்கள். ஆனால் நியான் பிறந்தது சுரங்கத்துக்குள். சுற்றுலாப் பேருந்து வந்து நின்றதும் எல்லோரும் அவளைத்தான் தேடுவார்கள். படம் எடுப்பார்கள், பூ கொடுப்பார்கள், கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவார்கள்.

"பொறக்கறதுக்கு இவ என்ன பாடுபட்டா? பட்டது எங்க சித்தி" என்று எதிரே இளநீர் விற்கும் என்னிடம் தோவான் பொருமுவாள்.

சென்ற கோடையில் ஓர் அமெரிக்கக் கிழவர் வந்தார். நியான் சந்தைக்குப் போயிருந்தாள். வழிகாட்டி லாம் வேலைக்குப் புதியவன்.

"சுரங்கத்துல பொறந்தவங்க யாரும்மா?" என்று தோவானிடம் கேட்டான்.

"நான்தான்" என்றாள் தோவான்.

கிழவர் அவளெதிரே உட்கார்ந்து, அம்மா எப்படிப் பெற்றாள் என்று கேட்டார். தோவானுக்குத் தெரிந்தது ஒரே பிரசவக் கதைதான், அவளே பிறந்த கதை. சுரங்கத்துக்கு ஓடிவரும் வழியில், சவுக்குத் தோப்பருகே அம்மாவுக்கு வலி கண்டது. கப்பலிலிருந்து குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. அம்மா தொப்பி நாடாவைக் கடித்துக்கொண்டு மணலிலேயே பெற்றாள். சொல்லி முடித்த பிறகுதான் தோவான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

லாம் மொழிபெயர்த்ததும் கிழவர் முகம் வெளுத்தது. அந்தக் கப்பல்களில் ஒன்றில் பீரங்கி இயக்கியவராம் அவர்.

"மணல்லயான்னு கேக்கறாரு. சுரங்கம்னீங்களேம்மா?" என்றான் லாம்.

அதற்குள் நியான் கூடையோடு வந்து நின்றிருந்தாள். இனி மானம் போயிற்று என்று தோவான் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சுரங்கத்துல பொறந்தது நான்" என்றாள் நியான். "எனக்கு மண்கூரையாவது இருந்துச்சு. அக்காவுக்கு அதுவும் இல்ல. அவரு சொல்ல வந்தத அக்காகிட்டயே சொல்லச் சொல்லுப்பா."

கிழவர் தோவானின் கைகளைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். நெடுநேரம் விடவில்லை. அவள் ஒரு கிழங்கை எடுத்து நீட்டினாள். அவர் அழுதுகொண்டே தின்றார்.

பேருந்து போனதும் தோவான் என்னிடம் வந்தாள். "என்னைத் திட்டித் தொலைச்சிருக்கலாம்ல அவ? பெரிய மனசு வேற."

இப்போதெல்லாம் வருகிறவர்களை நியானே அவளிடம் அனுப்பிவைக்கிறாள். தோவான் கதை சொல்கிறாள், கிழங்கும் விற்றுப்போகிறது. அனுப்புகிறவள் நியான் என்பதுதான் அவளுக்கு இன்னும் பொறுக்கவில்லை.