மாமனுக்கு இடமில்லாத கார்

"இன்னும் கொஞ்சம் பின்னால போங்க," என்றாள் சௌந்தரம்.

வெள்ளை மாருதியின் பின்சீட்டில் மண்டியிட்டு, பின்கண்ணாடி வழியாகத் தன் கணவர் கங்காதரனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நாலு எட்டு பின்னால் போனார். டிரைவர் காரை மெல்ல நகர்த்தினான். அதன் பின்னால் கங்காதரன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்துவந்தார். காயப்போட்டிருந்த ஆட்டுத்தோல்களுக்கு நடுவே அவர் முகம் நன்றாகத் தெரிந்தது. கால்கள் தெரியவில்லை. முகம் தெரிந்தால் போதும் என்று நினைத்தாள்.

ஆம்பூரில் இஷ்தியாக் அகமதின் டேனரி முற்றம் அது. அங்கே இரண்டு கார்கள் நின்றன. ஒன்று எட்டு வருஷம் ஓடிய சாம்பல் நிற ஃபியட். மற்றது போன வருஷம் வந்த இந்த மாருதி. கம்பெனிக்கு வேன் வாங்கிய பிறகு இரண்டு கார் எதற்கு என்று அவர் ஒன்றை விலைக்குக் கொடுத்துவிட நினைத்தார். ரம்ஜானுக்கு அவருடைய ஆட்களுக்கெல்லாம் லுங்கி போவது குடியாத்தத்தில் கங்காதரனின் தறியிலிருந்துதான். அதனால் முதலில் இவர்களுக்குச் சொல்லியனுப்பியிருந்தார். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

"எல்லாரும் மைலேஜ் கேப்பாங்க. நீங்க இன்னாம்மா, வூட்டுக்காரரை நடக்க உட்டு பாக்கறீங்க?"

"நடக்கறவங்க தெரியணும் பாய்."

அவர் சிரித்தார். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

கங்காதரனுக்கு ஃபியட்தான் வேண்டும். மேலே கேரியர் போட்டால் ஆறு மூட்டை லுங்கி ஏறும், குடியாத்தத்தில் எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பான் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்திருந்தார். சௌந்தரம் ஃபியட்டின் முன்கதவைத் திறந்து பார்த்தாள். ஒரே நீள சீட். கியர் ஸ்டியரிங்கோடு ஒட்டியிருந்தது. டிரைவரைத் தவிர இரண்டு பேர் முன்னால் தாராளமாக உட்காரலாம். கதவைச் சாத்திவிட்டு மாருதிக்கு வந்தாள். முன்னால் இரண்டே சீட். நடுவில் தரையிலிருந்து கியர் நின்றது. அதன் மேல் யாரும் உட்கார முடியாது.

மகனின் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் யார் யார் ஏறுவார்கள் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். முன்னால் டிரைவர். பக்கத்தில் பெண்ணின் தம்பி, மாப்பிள்ளைத் தோழன்; சம்பந்தி வீட்டுப் பிள்ளையைத் தள்ள முடியாது. பின்னால் மாப்பிள்ளை பெருமாள், விளக்கு பிடிக்கிற நாத்தனாராக அவன் தங்கை சுந்தரி, பிறகு அவள். தீர்ந்தது.

"உங்க அண்ணன் எங்க உக்காருவாரு?" என்றார் கங்காதரன்.

"எடம் எங்க இருக்குது? கார் சின்னது."

கங்காதரனுக்குப் புரிந்துவிட்டது. கேரியரைப் பற்றி அதற்கு மேல் அவர் பேசவில்லை. ஃபியட்டை வாங்கினால் அண்ணனைப் பார்த்து அவள் வாயால் இறங்கு என்று சொல்லவேண்டும். மாருதி என்றால் அதைக் கார் சொல்லிவிடும்.

அண்ணன் வீரபாகு அந்த வார்த்தையைச் சொன்னது எழுபத்து நாலில், அவர்களுடைய தம்பி சம்பத்தின் கல்யாணத்தில். வீரபாகு அப்போதுதான் ஃபியட் வாங்கியிருந்தார். நெசவுக்காரர் தெருவில் அதுதான் முதல் கார். மாப்பிள்ளை அழைப்புக்குச் சௌந்தரம் கையில் விளக்கோடு தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊர்வலம் பாதி வழி வந்தபோது, வேலூர் லாங் பஜாரிலிருந்து நூல் வியாபாரி மனைவியோடு வந்து சேர்ந்தார். வீரபாகு கதவைத் திறந்தார்.

"எறங்கு சௌந்தரம். அவங்க வெளியூர்க்காரங்க. நீ வூட்டுப் பொண்ணுதானே, நடந்து வா."

இறங்கினாள். காரின் பின்கண்ணாடியில் நூல் வியாபாரியின் மனைவி தலையில் வைத்திருந்த பூ தெரிந்தது. வீரபாகு ஒருமுறை திரும்பிப் பார்த்து அந்த அம்மாளிடம் ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். காற்றில் விளக்கு அணைந்தது. மண்டபத்து வாசலுக்குச் சௌந்தரம் போய்ச் சேர்ந்தபோது ஆரத்தி முடிந்திருந்தது. தரையில் கொட்டிய சிவப்புத் தண்ணீரைத் தாண்டி, அணைந்த விளக்கோடு உள்ளே போனாள். நாத்தனார் எங்கே என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

அன்று வரை கங்காதரன் வீரபாகுவிடம் கைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே அவரை அங்கிருந்து விலக்கினாள். நகையை விற்று இரண்டு விசைத்தறி போட்டாள். தறிச்சத்தத்தில் ஒரு காது மந்தமாகிவிட்டது. மற்றக் காதால் ஊரில் அண்ணனுடைய சரக்கு எங்கெல்லாம் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தக் கடைகளுக்கெல்லாம் தன் சரக்கை அனுப்பினாள். அண்ணன் பச்சைக் கட்டம் போட்டால் இவளும் பச்சைக் கட்டம் போட்டாள், கரை ஒரு விரல் அகலம் கூட வைத்து. இரண்டு தறி பத்தானது. இத்தனைக்கும் நல்லது கெட்டதில் பேச்சு நிற்கவில்லை. பொங்கலுக்கு அண்ணன் வீட்டுச் சீர் தவறாமல் வந்தது. தட்டைத் தவறாமல் வாங்கிக்கொண்டாள்.

பெருமாளுக்குப் பெண் நிச்சயமானதும் வீரபாகு சொல்லியனுப்பினார். அழைப்புக்கு வேறு வண்டி தேடவேண்டாம், மாமன் கார் இருக்கிறது. அந்தச் செய்தி வந்த இரண்டாம் நாள்தான் அவள் ஆம்பூருக்குக் கிளம்பினாள்.

கார் வந்த பிறகு ஒன்றே ஒன்றில்தான் அவள் செலவு பார்க்கவில்லை. வேலூரிலிருந்து பூக்காரரை வரவழைத்தாள். அண்ணனுடைய ஃபியட்டுக்கு அன்று இரண்டு மாலைதான் போட்டிருந்தார்கள். இந்தக் காரில் தகரம் கண்ணில் படக்கூடாது என்று சொன்னாள்.

மாப்பிள்ளை அழைப்பன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் கார் பூவாக நின்றது. வீரபாகு பட்டு வேட்டியில் வந்தார். அறுபது தாண்டியும் நிமிர்ந்தே நடந்தார். மாமன் மாப்பிள்ளையோடு போவதுதானே வழக்கம் என்று தன் ஃபியட்டை முன்னதாகவே மண்டபத்துக்கு அனுப்பியிருந்தார். காருக்குள் குனிந்து பார்த்தார். முன்னால் தோழன் உட்கார்ந்திருந்தான். பின்னால் மூன்று பேர். கியரையும் ஒருமுறை பார்த்தார்.

"கார் சின்னது அண்ணா," என்றாள் சௌந்தரம். "நீ வூட்டு மனுசன்தானே. நடந்து வா."

பன்னிரண்டு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டாள். வீரபாகு நிமிர்ந்தார். கதவை அவரே சாத்தினார்.

நாதசுரம் கிளம்பியது. கார் ஆள் நடக்கும் வேகத்தில் ஊர்ந்தது. கொஞ்ச தூரம் போகட்டும் என்று சௌந்தரம் பொறுத்துக்கொண்டாள். பிறகு திரும்பினாள்.

கண்ணாடி முழுக்கச் சாமந்தி. நடுவில் ரோஜாவால் மாப்பிள்ளை பெயர். ஊசி போகக்கூட இடம் விடாமல் பூக்காரர் கட்டியிருந்தார். கண்ணாடியை இறக்கி உள்ளேயிருந்து விலக்கவும் வழியில்லை. பக்கத்துச் சன்னலில் தலையை நீட்டிப் பார்த்தாள். காஸ் லைட் வெளிச்சத்தில் கண் கூசியது, பின்னால் வருகிறவர்கள் நிழலாகத்தான் தெரிந்தார்கள்.

"இன்னாம்மா தேடற?" என்றான் பெருமாள்.

"ஒண்ணுமில்ல. நிறுத்தச் சொல்லு. ஒரு நிமிஷம்."

இறங்கிப் பின்பக்கம் நடந்தாள். இரண்டு காஸ் லைட்டுகளைத் தாண்டியதும் அண்ணன் தெரிந்தார். ஒரு செருப்பு வார் அறுந்திருந்தது. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு வந்தார். அவள் அங்கேயே நின்று பார்த்தாள். பின்னால் கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

பெண்ணின் பெரியம்மா. முட்டி வலிக்காரி. ஊர்வலம் கிளம்பியதிலிருந்து காரைப் பிடித்துக்கொண்டே நடந்து வந்தவள், திறந்த கதவைப் பார்த்ததும் ஏறிவிட்டாள். சம்பந்தி வீட்டு மனுஷியை இறங்கச் சொல்ல முடியாது. கார் நகர்ந்தது.

வீரபாகு பக்கத்தில் வந்துவிட்டார்.

"இன்னா, உன்னையும் எறக்கி உட்டாங்களா?"

"நானா எறங்கனேன். உன்னைப் பாக்க."

"பாரு."

செருப்பைக் கையில் பிடித்தபடி நடந்தார். சௌந்தரம் பார்த்தாள். வயதான ஒரு ஆள் நடந்துபோனார், அவ்வளவுதான். அவர் பின்னால் போவதா என்று தோன்றியதும் எட்டி நடை போட்டு அவரைத் தாண்டினாள். கொஞ்ச நேரத்தில் அவர் மறுபடி பக்கத்தில் வந்தார். அவள் வேகத்தைக் கூட்டினாள். அவரும் கூட்டினார். இருவரும் காரைத் தாண்டினார்கள். நாதசுரக்காரர்களைத் தாண்டினார்கள். தவில்காரர் வாசிப்பை விடாமல் ஒதுங்கி வழிவிட்டார். மாப்பிள்ளையின் அம்மாவும் மாமனும் எங்கே ஓடுகிறார்கள் என்று கங்காதரன் யாரையோ கேட்டார்.

மண்டபத்து வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் விழித்தார்கள். எதிரில் மூச்சு வாங்க ஒரு அண்ணனும் தங்கையும். மாப்பிள்ளையைக் காணவில்லை.

"பின்னால வர்றான்," என்றார் வீரபாகு.

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் சௌந்தரம் முதல் படியில் கால் வைத்துவிட்டாள். தரை காய்ந்திருந்தது.

மறுநாள் காலை ஆறரைக்கு முகூர்த்தம். வீரபாகு மாமன் முறைக்குப் பெருமாளுக்கு மோதிரம் போட்டார். சௌந்தரம் அவருக்கு வெற்றிலைத் தட்டு கொடுத்தாள். பந்தியில் இருவரும் வேறு வேறு வரிசையில் சாப்பிட்டார்கள். பத்து மணிக்கு வீரபாகு தன் ஃபியட்டில் கிளம்பினார். பெண்ணின் பெரியம்மாவும் இன்னும் மூன்று பேரும் அதில் பஸ் ஸ்டாண்டு வரை போனார்கள். மத்தியானம் பூக்காரர் வந்து கம்பிகளைக் கழற்றினார். பின்கண்ணாடியில் ஒட்டியிருந்த இதழ்களைச் சௌந்தரம் ஈரத்துணியால் துடைத்தாள். கங்காதரன் மூட்டை ஏற்றிப் பார்த்தார். இரண்டுதான் பிடித்தது. மற்ற நாலைக் கட்டைவண்டியில் அனுப்பினார்கள்.