ஆறாவது தலை

நீங்கள் நம்பப்போவதில்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன். இதே கதையை இன்னொருவர் வந்து என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேனே தவிர, அதற்கு மேல் மதித்திருக்க மாட்டேன். எனக்குச் சொந்த ஊர் முதுகுளத்தூர் பக்கம். எங்கள் அய்யாவே கோயில் கொடைக்குச் சாமியாடுகிறவர். ஆடி முடித்து வீட்டுக்கு வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்கச் சொல்வார். உள்ளே வந்த சாமி இந்த வலியைப் பார்த்துக்கொள்ளாதா என்று கேட்டு அவரிடம் அடி வாங்கியவன் நான். கல்யாணம் கட்டி ராமேஸ்வரத்துக்கு வந்து, பதினாறு வருஷமாகக் கோயிலுக்குள்ளேயே வேலை பார்த்தும் அந்தப் புத்தி மாறவில்லை. சாமி உண்டு, கும்பிடுவேன். செத்தவர் வந்து நின்றார் என்பதெல்லாம் வேலை இல்லாதவர்கள் பேச்சு என்றுதான் இருந்தேன்.

தீர்த்தம் இறைப்பது என் வேலை. கடலில் முழுகிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்களைக் கோயிலுக்குள் இருக்கும் இருபத்திரண்டு தீர்த்தத்துக்கும் வரிசையாகக் கூட்டிப்போக வேண்டும். கிணற்றுச் சுவர் மேல் ஏறி நின்று, கயிறு கட்டிய வாளியை விட்டு இறைத்து, கீழே குனிந்து நிற்கிறவர்கள் தலையில் ஊற்ற வேண்டும். மேலே நிற்கிறவனுக்கு முகமே தெரியாது, தலைதான் தெரியும். வழுக்கை, கொண்டை, மருதாணி போட்டுச் சிவந்தது என்று தலையை வைத்தேதான் கூட்டத்தை எண்ணுவேன். எண்ணிக்கையில் ஒரு நாளும் தப்பியதில்லை, அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இந்த வேலையில் ஒரு தொல்லை என்னவென்றால், டிக்கெட் எடுக்காத ஆள் அடுத்தவர் கூட்டத்தில் நைசாக ஒட்டிக்கொண்டு, தானும் அந்தக் குடும்பம் மாதிரி தலையைக் குனிந்து நின்றுவிடுவார். மற்றவர்கள் போனால் போகிறது என்று ஊற்றிவிடுவார்கள். நான் ஊற்ற மாட்டேன். ஒரு வாளித் தண்ணீரில் ஒன்றும் குறைந்துபோகாதுதான், ஆனாலும் ஊற்ற மாட்டேன். கூட வேலை பார்க்கும் முனியசாமி, “ஏலே, நீ சாகும்போது ஒரு சொட்டுத் தண்ணி கேட்டேன்னு வையி, அங்கன ஒருத்தன் டிக்கெட் கேப்பான்” என்று கிண்டல் பண்ணுவான்.

அன்றைக்குத் தை அமாவாசை முடிந்து நாலாவதோ ஐந்தாவதோ நாள். கூட்டம் வடிந்து கோயில் காலியாக இருந்தது, காலை ஏழு மணி இருக்கும், நல்ல வெளிச்சம். இருட்டில் கண் ஏமாந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை, அதற்காகச் சொல்கிறேன். எனக்கு வந்த கூட்டம் தஞ்சாவூர்க்காரர்கள். ருக்மா பாய் என்று எழுபது வயசுக்கு மேல் ஒரு அம்மா, கல்யாணம் ஆகாதவர், பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய இரண்டு பெண்கள். ஆக ஐந்து பேர். தங்களுக்குள் மராத்தி பேசிக்கொண்டார்கள், என்னிடம் சுத்தமான தஞ்சாவூர்த் தமிழ்.

முதல் கிணற்றில் ஏறி நின்று வாளியைத் தூக்கிவிட்டுப் பார்த்தால் கீழே ஆறு தலை. ஐந்து பேருக்கும் ஊற்றினேன். ஆறாவது ஆள் வரிசையின் கடைசியில், கொஞ்சம் தள்ளி, இடுப்பில் பழைய முண்டும் வெறும் மேலுமாகக் குனிந்து நின்றார். நீளமான முடியைப் பிடரியில் முடிந்திருந்தார். தலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் தூசி. ஒட்டுண்ணி வந்தாச்சு என்று நினைத்துக்கொண்டு, கயிற்றைச் சுருட்டி வாளியை எடுத்துக்கொண்டு குதித்துவிட்டேன்.  நாங்கள் நடந்த பிறகு அவர் நிமிர்ந்து பின்னால் வந்தார்.

இரண்டாவது கிணற்றிலும் அப்படியே நின்றார், மூன்றாவதிலும் அப்படியே. வழக்கமாக இந்த மாதிரி ஆட்கள் இரண்டு கிணறு பார்த்துவிட்டு வேறு கூட்டத்துக்குத் தாவிவிடுவார்கள், இவர் அசையவில்லை. எனக்கு வீம்பு ஏறிவிட்டது. ஒவ்வொரு கிணற்றிலும் வேண்டுமென்றே அவர் தலைக்கு நேராக வாளியைக் கொண்டுபோய், ஊற்றாமல் திருப்பி எடுத்தேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். பாதி தாண்டிய பிறகு ஒருமுறை பக்கவாட்டில் முகத்தைப் பார்த்தேன். வாயைச் சுற்றி, மூக்குவரை, வெளேரென்று அப்பியிருந்தது. விபூதி பூசக்கூடத் தெரியவில்லை, இதில் தீர்த்தம் வேறு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். பிராகாரம் முழுக்கத் தண்ணீர் ஓடுகிறது, எல்லோரும் சொட்டச்சொட்ட நடக்கிறோம், அவருடைய முண்டின் கரைகூட நனையவில்லை. அதைப் பார்த்தேன். பார்த்தும் அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

இருபதாவது கிணறு முடிந்ததும் பொறுக்க முடியாமல் ருக்மா பாயிடம் கேட்டுவிட்டேன்.

“அம்மா, நீங்க அஞ்சு பேருதான? பின்னாடி ஒரு பெரியவரு மொதக் கெணத்துலருந்து ஒட்டிக்கிட்டே வாராரு. உங்க ஆளா?”

தம்பியும் அந்தப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும் திரும்பவே இல்லை. எப்படி இருக்கிறார் என்று மெதுவாகக் கேட்டார். நான் சொன்னேன், முண்டு, முடிந்த முடி, வாய்வரை அப்பிய விபூதி என்று. விபூதி என்றதும் அவர் அங்கேயே ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

அவர் அங்கே வைத்துச் சொன்னதை எனக்கு விளங்கிய வரைக்கும் சொல்கிறேன். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் டெல்லி பாதுஷாவின் படை மராட்டிய நாட்டைப் பிடித்து, அவர்கள் ராஜாவையும் கொன்றுவிட்டது. அடுத்து ராஜாவான அவருடைய தம்பி தப்பித்து, பரதேசி வேஷத்தில் தெற்கே வந்து, நம்முடைய செஞ்சிக் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு பாதுஷாவை எதிர்த்துப் போரை நடத்தினார். நாடு ஒரு பக்கம், ராஜா ஒரு பக்கம். செஞ்சிக்கு வருகிற வழியில் பெங்களூர்ப் பக்கம் ஒரு சத்திரத்தில் தங்கியிருந்தபோது, கூட வந்தவர்களில் ஒருவர் பழக்க தோஷத்தில் ராஜாவின் காலைக் கழுவிவிட்டார். பரதேசிக்குக் கால் கழுவ ஆள் ஏது? பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ராஜாவை வேறு வழியில் அனுப்பிவிட்டு, நாலைந்து பேர் மட்டும் வேண்டுமென்றே பின்தங்கிப் பிடிபட்டார்கள். ருக்மா பாயின் முன்னோர் ஒருவர் அதில் இருந்தார். பாதுஷாவின் ஆட்கள், யார் நீங்கள் என்று கேட்டு அடித்தார்கள். நாங்கள் ராமேஸ்வரம் போகிற யாத்திரைக்காரர்கள் என்றார். தலையில் கல்லை ஏற்றி நிறுத்தினார்கள், சாம்பலை ஒரு பையில் நிரப்பி வாயோடு சேர்த்துக் கட்டினார்கள். மூச்சு முட்டி அவிழ்த்துவிடும்போதெல்லாம் அதே வார்த்தைதான், ராமேஸ்வரம் போகிறோம். கடைசியில் உண்மையாகவே யாத்திரைக்காரர்கள் போல என்று விட்டுவிட்டார்கள். அதற்குள் ராஜா செஞ்சி போய்ச் சேர்ந்துவிட்டார்.

இவரும் நேராகச் செஞ்சிக்குப் போனார். வருஷக்கணக்கில் முற்றுகை, வெளியே வர முடியவில்லை, கோட்டைக்குள்ளேயே செத்துப்போனார். ராமேஸ்வரத்தின் பேரைச் சொல்லிப் பொய் சொன்னேன், அதை மெய்யாக்காமல் போகிறேனே என்பதுதான் அவர் கடைசியாகப் புலம்பியது. அதற்குப் பிறகு தஞ்சாவூரில் குடியேறிய அந்தக் குடும்பத்தில் ஒருவரும் ராமேஸ்வரம் வந்ததில்லை. அவர் போகாத இடத்துக்கு அவருக்கு முன்னால் நாங்கள் எப்படிப் போவது என்று, ஒரு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்குகிற ஊரை இத்தனை தலைமுறை தள்ளிவைத்திருக்கிறார்கள். வேறு எந்தக் கோயிலுக்குப் போனாலும் வீட்டில் தலையை எண்ணும்போது ஒன்று கூட்டித்தான் எண்ணுவார்களாம். ருக்மா பாய்தான், இந்த நேர்த்திக்கடன் என் காலத்திலும் தீராமல் போய்விடக் கூடாது என்று, வெற்றிலை பாக்கு வைத்து அவரை அழைத்து, வேனில் நடுவில் ஒரு சீட்டைக் காலியாக விட்டு, கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

சொல்லி முடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “வந்துட்டாரா தம்பி? நிஜமாவே வந்துட்டாரா? அவருக்கும் ஊத்தினீங்களா? எல்லாக் கிணத்துலயும் ஊத்தினீங்களா?”

அந்த அம்மாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான் என்ன சொல்வேன், இருபது கிணற்றிலும் வாளியைக் காட்டிக் காட்டித் திருப்பிக்கொண்டேன் என்றா?

“ஊத்துனேம்மா. எல்லாத்துலயும் ஊத்துனேன்.”

சொல்லிவிட்டு நிமிர்ந்தால், பத்தடி தள்ளி அடுத்த தூணுக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். அதுவரைக்கும் குனிந்தே இருந்தவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். கோபமே இல்லை. ஒரே வேலை பார்க்கிறவர்கள் வழியில் எதிர்ப்பட்டால் ஒரு பார்வை பார்த்துக்கொள்வோமே, அப்படித்தான் இருந்தது. 

இருபத்தோராவது கிணற்றுக்குப் போனோம். சுவர் மேல் ஒரே தடவையில் ஏற முடியவில்லை, இறங்கி மறுபடி ஏறினேன். ஐந்து பேருக்கும் ஊற்றினேன். பிறகு வாளியை நிறைய மொண்டு, அவர் தலையில் ஊற்றினேன். நீங்கள் நம்புங்கள் நம்பாமல் போங்கள், பதினாறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் வாளி ஊற்றியிருக்கிறேன், தண்ணீர் தலையில் பட்டுக் கல்லில் விழுகிற சத்தம் எனக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அந்த ஒரு வாளிக்குச் சத்தமே வரவில்லை. வாளி காலியாகிவிட்டது, கீழே ஒரு சொட்டு விழவில்லை. அவர் நின்ற கல்லைப் பார்த்தேன், ஆள் இல்லை. அடுத்தது கோடி தீர்த்தம், அதோடு முடிகிறது, அங்கேயும் அவர் வரவில்லை. நான் மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டேன்.

மத்தியானம் அவர்கள் கிளம்பும்போது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வேன் நிற்கும் இடத்துக்குப் போனேன். ருக்மா பாய் அந்தக் காலி சீட்டில் பிரசாதப் பையையும் ஈரத்துணி மூட்டையையும் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “இனிமே அவருக்கு இந்த இடம் வேண்டாம் தம்பி, வந்து சேர்ந்துட்டார்ல” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண்ணில் தண்ணீர். நான் கும்பிட்டு அனுப்பிவிட்டேன். அடுத்த வருஷம் அந்த அம்மா இறந்துபோனதாகத் தம்பி போன் பண்ணிச் சொன்னார். நேர்த்தி முடிந்த நிம்மதியோடு போனாராம்.

அவர்கள் வந்துபோன மறுநாள் விடிந்ததும் முனியசாமியிடம் சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரியே சிரித்தான். நான் வாளியை எடுத்துக்கொண்டு முதல் கிணற்றிலிருந்து ஆரம்பித்து, ஆளில்லாத கல்லில் ஒவ்வொரு வாளியாக ஊற்றிக்கொண்டே போனேன். எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் சளாரென்று கல்லில்தான் விழுந்தது. வாங்கிக்கொள்ள யாரும் இல்லை.

அதிலிருந்து யோசித்துக்கொண்டேதான் இருக்கிறேன். அந்த மனுஷன் ராஜாவைக் காப்பாற்றப் பொய் சொன்னார், வாயில் சாம்பலைக் கட்டியும் மாற்றிச் சொல்லவில்லை. நான் யாரைக் காப்பாற்றப் பொய் சொன்னேன்? அந்த அம்மாவின் மனசு நோகக் கூடாது என்றுதான் சொன்னேன் என்று எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். பாதிதான் உண்மை. என் அவமானத்தை மூடவும்தான் சொன்னேன். முந்நூறு வருஷம் கழித்துத் தன் பொய்யை மெய்யாக்க வந்தவரை நான் இன்னொரு பொய்யைச் சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு கிணறு போதுமா, இருபத்திரண்டும் வேண்டுமா, இதை யாரிடம் கேட்பது? கோயிலில் இருக்கிற பெரியவர்களிடம் கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை.

இப்போதும் சில நாள் கூட்டத்தில் ஒரு தலை கூடுதலாக வந்து நிற்கும். பெரும்பாலும் ஓசியில் குளிக்க வந்த ஆளாகத்தான் இருக்கும். நான் டிக்கெட் கேட்பதில்லை, முகத்தையும் பார்ப்பதில்லை. வாளி நிறைய மொண்டு ஊற்றுகிறேன். ஊற்றிவிட்டு, கீழே கல்லில் சத்தம் கேட்கிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன். இதுவரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.