உலகமே இல்லை என்று வந்த கணக்கு

நியூட்ரினோவைப் பற்றிக் கணக்குப் போடுகிறவர்களுக்குத் தளவாடம் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். காகிதம், பென்சில், அழிரப்பர், அப்புறம் யார் என்ன கேட்டாலும் சிரித்து வைக்க ஒரு முகம். 1991-ல் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு வரிசை வீட்டில் கணவரோடு குடியிருந்துகொண்டு, சென்னைக்கு பஸ்ஸில் போய்வந்து ஆராய்ச்சி செய்தேன். ஆய்வேடு எழுதி அவதிப்பட்ட சக ஜீவன்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக் கேள்வி

பக்கத்துப் போர்ஷன் விமலா அக்காவுக்கு ஸ்விட்ச் கம்பெனியில் செக்கிங் வேலை. நான் நாள் முழுக்க என்னதான் எழுதுகிறேன் என்று ஒருநாள் கேட்டார். ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் சமமாக இருந்திருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு வெறும் வெளிச்சம்தான் மிஞ்சியிருக்கும், பொருள் துளி கூடுதலாகிப்போனதால் நாம் இருக்கிறோம் என்றேன். நியூட்ரினோ என்ற நுண்துகளுக்கு எடை வரும் விதத்திலேயே அந்தத் துளிக்கும் காரணம் கிடைக்குமா என்று பார்ப்பதுதான் என் வேலை என்றும் சொன்னேன்.

அக்கா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "நாம கீறோம்னுதான் தெரியுதே. அப்புறம் இன்னாத்துக்குமா கணக்கு?"

பூஜ்யம்

எட்டு மாதம் போட்ட கணக்கில் அந்தத் துளி பூஜ்யம் என்று வந்தது. மூன்று முறை சரிபார்த்தும் அதே பூஜ்யம். இந்த அத்தியாயம் இல்லாவிட்டால் ஆய்வேடு இல்லை. உதவித்தொகையும் அந்த மாதத்தோடு முடிகிறது. திங்கட்கிழமை வரை பார்க்கலாம் என்றார் என் பேராசிரியர். கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"உங்கள் கணக்குப்படி நீங்களும் இல்லை, நானும் இல்லை, இந்த நாற்காலியும் இல்லை."

ஞாயிற்றுக்கிழமை செக்கிங்

ஞாயிறு காலை அக்கா வந்தபோது நான் காகிதங்களுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். விஷயத்தைக் கேட்டார். நான் கேட்காமல் நீ எதையும் விளக்காதே, விளக்கினால் என் கண்ணும் உன் கண் மாதிரி ஆகிவிடும் என்று சொல்லி, பக்கங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினார். கம்பெனியில் பாஸான பீஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பீஸைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்களாம். அப்படியே ஒரு வரியில் ஒரு விரல், அடுத்த வரியில் ஒரு விரல். எது மாறினாலும் ஏன் என்று கேட்பார், நான் காரணம் சொன்னதும் நகர்வார்.

ஏழாம் பக்கத்துக் கடைசி வரியிலும் எட்டாம் பக்கத்து முதல் வரியிலும் இரண்டு விரல்களும் நின்றுவிட்டன. "இங்க ரெண்டு எழுத்துக்கும் தலையில பூ இல்ல. அங்க ஒண்ணுக்கு மட்டும் வெச்சிகீற. இது எங்கேர்ந்து வந்துச்சி?"

அந்தப் பூ ஒரு நட்சத்திரக் குறி. அடுத்த பக்கத்துக்கு வரியை எடுத்து எழுதும்போது கை தானாகப் போட்டுவிட்டது. அது இருந்தால் இரண்டு எழுத்தும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், விடை பூஜ்யம்தான், வேறு வழியில்லை. நான் மூன்று முறை சரிபார்த்ததும் எட்டாம் பக்கத்திலிருந்து; அதற்கு முந்தியதெல்லாம் சரி என்று அத்தனை நிச்சயம் எனக்கு! குறியை எடுத்துவிட்டுப் போட்டேன். மதியத்துக்குள் துளி வந்துவிட்டது. அக்கா கையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதேன். அவர் கையை விடுவிக்காமலே சொன்னார்: "எங்க லைன்ல இதுக்கு செவப்பு பெயிண்ட் அடிச்சித் தூக்கிப் போட்ருவோம். உனுக்கு ரப்பர் போதுது."

நன்றியுரை

ஆய்வேட்டின் நன்றியுரையில் முதல் பெயர் அக்காவுடையது. அவர் எந்தப் பல்கலைக்கழகம் என்று பேராசிரியர் கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த ஞாயிறு அவருக்கு லீவா?"

உலகம் ஏன் மிஞ்சியது என்று இன்றுவரை யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை, என் ஆய்வேடு ஏன் மிஞ்சியது என்பதை மட்டும் நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன்.