பினாங்கில் குடித்த சூப்

கீமோ முடிந்து மூன்று வாரமாகியும் என் மனைவியின் நாக்குக்கு ருசி திரும்பவில்லை. கஞ்சி, ரசம், எதைக் கொடுத்தாலும் இரண்டு வாயோடு தள்ளிவிடுவாள். ஒருநாள் காலையில் தானாகவே சொன்னாள்: "பினாங்குல ஒரு சூப்பு குடிச்சமே, அது இருந்தா குடிப்பேன்."

எட்டு வருடத்துக்கு முன், மலேசியாவில் வேலை பார்த்த மகள் எங்களைப் பினாங்குக்கு அழைத்துப் போயிருந்தாள். ஒரு மத்தியானம் அவளுக்குக் காய்ச்சல். அவளை அறையில் தூங்கவிட்டு நாங்கள் மட்டும் வெளியே கிளம்பினோம். மழை பிடித்துக்கொள்ள, எதிர்ப்பட்ட கடைக்குள் புகுந்தோம். பாஷை தெரியாமல் பக்கத்து மேசைக்காரரின் கிண்ணத்தைக் கைகாட்டினோம். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கறி தொடக் கூடாது. சூப்பில் மிதந்த வெள்ளை உருண்டைகளை மீன் என்று நம்பி மனைவி இரண்டு கிண்ணம் குடித்தாள். கடைப் பெயரையோ தெருப் பெயரையோ பார்க்கத் தோன்றவில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஜெராக்ஸ் கடை. அன்றிலிருந்து கம்ப்யூட்டரில் பினாங்குத் தெருக்களின் படங்களைத் திறந்து, உட்கார்ந்த இடத்திலேயே சந்து சந்தாக அலைந்தேன். அனந்தபுரத்துக்காரர் ஒருவருக்குப் பத்திரத்தில் ஒரே பக்கத்தை இரண்டு தடவை எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

"இன்னா சார், கவனம் எங்க இருக்குது?" என்றார்.

வீட்டிலும் அதே பேச்சுதான். "எதிர்ல தையக்கடை இருந்துச்சே" என்பேன்.

"அதெல்லாம் இல்ல. பச்சக் கல்லு பதிச்ச படி. நான் வழுக்கி விழப் பாத்தேன்" என்பாள்.

ஒரு சனிக்கிழமை, நாங்கள் தங்கிய ஓட்டலுக்குப் பின்புறச் சந்தில் அந்தப் பச்சைப் படி தெரிந்தது. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். போனில் படத்தைப் பார்த்து, "இதேதாங்க" என்றாள். படத்துக்குக் கீழே கடையின் போன் நம்பர் இருந்தது. இப்போது சென்னையிலிருக்கும் மகளுக்கு மலாய் தெரியும். அவளைப் பேசச் சொல்லிவிட்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

மகள் கூப்பிட்டாள். "நைனா, கட இருக்குது. ஆனா அவங்க மீனே போடறதில்லையாம். அது பன்னிக்கறி உருண்ட."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மனைவி விரல்விட்டு எண்ணினாள்.

"பெரிய வெள்ளிக்கு முந்தின வெள்ளி. ரெண்டு கிண்ணம்" என்றாள். பிறகு, "தெரியாமதான குடிச்சேன். நாளைக்கு ஞாயித்துக்கெழம, கறி கெடைக்கும். வாங்கியாங்க."

மறுநாள் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் வல்லம் பக்கம் போய் வாங்கி வந்தேன். பினாங்குக் கடைக்காரர்கள் சொன்ன பக்குவத்தை மகள் போனில் சொல்லச் சொல்ல, கறியைக் கொத்தி, இஞ்சி, பூண்டு, மிளகு சேர்த்து உருட்டினேன். பாதி உருண்டை கொதியில் உடைந்துபோனது.

அவள் ஒரு வாய் குடித்தாள். "அது மாதிரி இல்ல" என்றாள்.

கிண்ணத்தை எடுக்கக் கை நீட்டினேன். கொடுக்காமல் இன்னொரு வாய் குடித்தாள். "மொளகு பத்தல. போட்டுட்டு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."